பங்குக் கிணறும் ஒரு பாஸ்வேர்டும்

போன பொங்கலுக்கு மூங்கில்துறைப்பட்டு வீட்டில் இருந்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் சத்தத்துக்கு நடுவே போன். "டேய், சைட் திறக்கலைடா!"

டிப்ளமோ நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் அது. ஒருத்தி சமையல் குறிப்பு எழுதுகிறாள். ஒருவன் தன் அப்பாவின் தெருக்கூத்து அனுபவங்களைப் பதிகிறான். ரூட் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். அதில் கொஞ்சம் பெருமைவேறு!

மொபைலிலேயே நுழைந்து பார்த்தேன். டிஸ்க் 100 சதவிகிதம் நிரம்பியிருந்தது. வந்துபோவோர் கணக்கை சர்வர் எழுதிவைக்கும் லாக் ஃபைல்களை மாதக்கணக்கில் நான் கழிக்கவே இல்லை. டேட்டாபேஸ் பாதியில் உடைந்துவிட்டது. பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான். இடமில்லாததால், கடைசியாக முழுசாக இருந்தது தீபாவளிக்கு முந்தையது. கூத்துப் பதிவுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை.

"அப்பாகிட்ட மறுபடி கேட்டு எழுதிக்கிறேன். ஆனா, அதேமாதிரி சொல்ல மாட்டாரு" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை யாரும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வர் போனாலும் நூல் போகாது. நாங்களோ ஏழு பேருக்கு ஒரே டிஸ்க், ஒரே சாவி.

சித்தப்பாவிடம் சொன்னேன். "பங்குக் கிணத்துல மோட்டார் ரூம் சாவிய ஒருத்தனே வெச்சுக்கலாமாடா?" என்றார்.

இப்போது மாதம் ஒருவர் முறை. லாக் கழிக்க வேண்டும், அப்டேட் போட வேண்டும், வேறொருவர் வீட்டு கம்ப்யூட்டருக்குப் போகும் பேக்கப்பைத் திறந்தே பார்க்க வேண்டும். இந்த மாதம் சமையல் குறிப்புக்காரி. அவள் முதலில் அழித்தது, நான் போட்டு மறந்த டெஸ்ட் ஃபைல்களை. 4 ஜிபி!