கண்ணாடிக்குள் ஒரு விளக்கு



வீட்டிற்கு ஒரு பொருள் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், தரத்தைக் கேட்கிறோம். அது யாருக்காக என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அண்மையில் எங்கள் வீட்டிற்கு ஒரு விளக்கு வாங்க முற்பட்டபோது அந்தக் கேள்வியே எங்களுக்கு வழிகாட்டியது. அதனால் பிறருக்கும் பயனிருக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரே கூடம். அம்மா அங்கேதான் உறங்குவார். பேரப்பிள்ளைகளும் அவரைச் சுற்றியே படுப்பார்கள். தஹஜ்ஜுதுக்கு எழுந்து, தொழுது, பஜ்ரு பாங்கு வரை முஸ்ஹபைப் பார்த்து ஓதுவது அம்மாவின் நெடுநாள் வழக்கம். மாதம் ஒரு கத்தம் முடித்துவிடுவார். பார்வை மங்கத் தொடங்கிய பிறகு டியூப்லைட் போட்டால்தான் எழுத்துத் தெரிந்தது. போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். சில நாட்களில் ரெஹாலின் மேல் முஸ்ஹப் மூடியே இருப்பதைக் கண்டோம். அம்மா இருட்டில் அமர்ந்து, மனனமான சூராக்களை மட்டும் மெல்ல ஓதிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "பிள்ளைக தூங்கட்டும். எனக்குத் தெரிஞ்சது போதும்" என்றார்.

அக்காலத்தில் வீடுகளில் விளக்குகள் இருந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. இருட்டிலும் அந்த இல்லத்தில் வணக்கம் நடந்தது. ஆகவே விளக்கின்றி இபாதத் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் நமக்கு வசதி தரப்பட்டிருக்கும் நாளில், ஒரு தாய் முஸ்ஹபை மூடி வைத்துவிட்டு இருட்டில் அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்கு அழகன்று.

முதலில் ஒரு சிறிய மேசை விளக்கை ரெஹாலின் அருகே வைத்தோம். அதன் வெளிச்சம் தரையோடு பரவி, படுத்திருந்த பிள்ளைகளின் முகத்தில் நேராக விழுந்தது. தோளுக்கு மேலிருந்து ஏட்டின் மீது இறங்கி, பக்கங்களில் மட்டுப்படும் ஒளியே தேவை என்பது புரிந்தது. கடைகளில் ஃப்ளோர் லேம்ப் என்கிறார்களே, தரையில் ஆளுயரத் தண்டு நின்று அதன்மேல் குடை கவிழ்ந்திருக்கும் விளக்கு, அதைத் தேடி மதுரைக்குச் சென்றோம்.

அங்கே வண்ணக் கண்ணாடிக் குடைகளைக் கண்டதும் மகள் நின்றுவிட்டாள். "அத்தா, இதுல தட்டான் பறக்குற மாதிரியே இருக்கு!" என்றாள். அந்த வகை விளக்குக்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க்கின் லூயி கம்ஃபர்ட் டிஃபனி என்பவரின் கூடத்தில் 1890களில் இவை உருவாயின. ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பிலும் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றி, ஈயப்பற்று வைத்து இணைப்பார்கள். தட்டான் குடை உட்படப் பல வடிவங்களை வரைந்தவர் அங்கே பெண்கள் பிரிவுக்குத் தலைவியாயிருந்த கிளாரா டிரிஸ்கால் என்பது நூறாண்டு கழித்தே உலகுக்குப் பரவலாகத் தெரிய வந்தது.

வேலைப்பாடு வியக்கத்தக்கதுதான். ஆனால் தட்டான் உயிருள்ள படைப்பு. உருவங்கள் வரையப்பட்ட திரைச்சீலை தொழுகையில் கவனத்தைக் கலைப்பதாகக் கூறி, நபி (ஸல்) அவர்கள் அதை அகற்றச் சொன்ன செய்தியை மகளிடம் எடுத்துரைத்தோம். "அப்ப பூவும் கட்டமும் போட்டது வாங்கலாமா?" என்று கேட்டாள். வாங்கலாம். நம் முன்னோர் உருவங்களைத் தவிர்த்தார்களே தவிர, அழகைத் தவிர்க்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் மம்லூக் சுல்தான்கள் தம் பள்ளிவாசல்களுக்குச் செய்வித்த கண்ணாடி விளக்குகளில் பூங்கொடிகளும், சூரா அந்நூரின் 35ஆம் வசனமும் வண்ணப் பூச்சால் எழுதப்பட்டிருந்தன.

அடுத்த கேள்வி இஸ்ராஃப் பற்றியது. வெறும் உலோகக் குடை விளக்கு 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. கண்ணாடிக் குடையில் சிறியது 9,500 ரூபாய். மலிவானதையே எடுத்துவிடலாம் என்று எண்ணிய வேளையில், எதையும் கேட்டுப் பழகாத அம்மா ஒரு கண்ணாடிக் குடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில், கதவுக்கு மேலிருந்த வண்ணக் கண்ணாடி வழியே காலை வெயில் தரையில் நிறம் நிறமாக விழுந்ததைச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சூரா அல்அஃராஃபின் 31ஆம் வசனம் வீண்விரயத்தைத் தடுக்கிறது. அதை அடுத்த 32ஆம் வசனமோ, அல்லாஹ் தன் அடியார்களுக்கு வெளிப்படுத்திய அழகை யார் தடை செய்தது என்று வினவுகிறது. இரண்டையும் சேர்த்தே ஓத வேண்டும். தவணைத் திட்டம் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். வட்டி கலந்த தவணை நமக்கு ஆகாது என்று கூறித் திரும்பினோம். மாதச் செலவில் மிச்சம் பிடித்து, நான்கு மாதம் கழித்து ரொக்கமாகக் கொடுத்து வாங்கினோம். கடனோ வட்டியோ இன்றி, எவருடைய உரிமையையும் குறைக்காமல், தாயின் மனம் குளிரச் செய்த செலவை விரயம் என்று எங்களால் கருத முடியவில்லை.

வாங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வண்ணம் பூசிய பிளாஸ்டிக் குடைகளும் கண்ணாடி என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. உண்மையான கண்ணாடி கையில் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருக்கும். பற்றுக்கோடு உள்ளும் புறமும் தெரியும். அந்தப் பற்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் குழந்தைகள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும். துடைத்த பின் கை கழுவவும். அடிப்பாகம் கனமாக இல்லையெனில் ஓடியாடும் பிள்ளைகள் சாய்த்துவிடுவார்கள். சூடு குறைந்த எல்இடி பல்பே ஏற்றது. குடையை எரியவிட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், அதன் கீழ் ஓர் ஏட்டை விரித்துப் பாருங்கள். தஜ்வீத் விதிகளை நிறங்களால் குறித்த முஸ்ஹபில் நிறம் மாறித் தெரிந்தால் ஓதுபவர் தடுமாறுவார். நாங்கள் எடுத்தது பால் வெண்மையும் தேன் நிறமும் கலந்த கட்ட வேலைப்பாடு. அதன் அகன்ற வாய் வழியே கீழிறங்கும் ஒளியில் நிறம் கலக்கவில்லை.

வைக்கும் இடமும் முக்கியம். பள்ளிவாசலைக் கட்டச் சொன்ன உமர் (ரலி) அவர்கள், சிவப்பும் மஞ்சளும் பூசி மக்களின் கவனத்தைக் குலைத்துவிட வேண்டாம் என்று எச்சரித்தார்கள். நம் ஊரில் கிப்லா மேற்கே. ஆகவே விளக்கைக் கீழைச் சுவரோரம், தொழுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினோம். உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதும், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்று காரணம் கூறியதும் நாமறிந்ததே. இன்று திரியில்லை, ஒயர் உண்டு. இரவில் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடுகிறோம்.

அந்நூர் வசனத்தில் மாடம், அதில் விளக்கு, விளக்கைச் சூழ ஒளிரும் விண்மீன் போன்ற கண்ணாடி என்று உவமை விரிகிறது. மாடத்தை முஃமினின் நெஞ்சாகவும், கண்ணாடியை அவருடைய உள்ளமாகவும், உள்ளே எரிவதை ஈமானின் ஒளியாகவும் விளக்கியோர் உண்டு. கண்ணாடி தானாக ஒளிர்வதில்லை. தன்னுள் இருப்பதைக் காத்து, பெருக்கி, வெளியே தருகிறது. வீட்டுப் பொருள்களின் தகுதியும் அவ்வளவே. எங்கள் கூடத்து விளக்கின் அழகை வருவோர் புகழ்கிறார்கள். அம்மா இப்போது பதினேழாவது ஜுஸ்வில் இருக்கிறார் என்பதே எங்களுக்கு மகிழ்ச்சி.

பைத்துல் முகத்தஸுக்குச் செல்ல இயலாதவர், அதன் விளக்குகளுக்கு எண்ணெயாவது அனுப்பட்டும் என்ற கருத்தில் மைமூனா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று அபூதாவூதில் உள்ளது. அதை நினைவில் கொண்டு, விளக்கு வாங்கிய மாதம் முதல் மஹல்லாப் பள்ளியின் மின்கட்டணத்திற்கு எங்களால் இயன்றதைக் கொடுத்து வருகிறோம். உங்கள் வீட்டிற்கு ஒரு விளக்கு வாங்கும்போது, அல்லாஹ்வின் இல்லத்து விளக்கிலும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் குர்ஆனின் ஒளியால் நிரப்புவானாக! ஆமீன்.