ஐஸ் பெட்டியும் டெல்லிக் குளிரும்

எங்கள் டி. கல்லுப்பட்டியில் குளிர் என்றால் இவ்வளவுதான்: மார்கழி விடியற்காலையில் டீக்கடை பெஞ்சில் நாலு பெரியவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, "இந்த வருசம் பனி ஜாஸ்திப்பா" என்பார்கள். எட்டு மணிக்கு வெயில் வந்ததும் துண்டு தோளுக்கு இறங்கிவிடும். முடிந்தது குளிர்காலம்!

இந்த அனுபவத்தை மட்டும் நம்பி 1993 டிசம்பரில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லியில் போய் இறங்கினேன். வயசு 24. மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். பெட்டியில் நாலு டெரிகாட்டன் சட்டை, ஒரு போர்வை, அம்மா கொடுத்த பருப்புப் பொடி. கரோல்பாக்கில் மொட்டைமாடி ரூம்.

ஜனவரி பிறந்தது. ராத்திரியில் நாலு டிகிரி, மூணு டிகிரி என்று இறங்கியது. பக்கெட் தண்ணீரில் கைவிட்டால் கை நம்முடையதா, அடுத்தவருடையதா என்று சந்தேகம் வரும். முதல் சம்பளத்தில் பெரிய துண்டு விழ, நடைபாதைக் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். கனமென்றால் அப்படியொரு கனம். "இது ஒண்ணு போதும், இமயமலையே ஏறலாம்" என்கிற ரீதியில் கடைக்காரர் ஹிந்தியில் சொன்னார். எனக்குப் புரிந்தது 'இமயமலை' மட்டும்தான்.

பனியன் மேல் அந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். கதகதப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறி, மூணு மாடி ஏறி, ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்ததும் வேர்க்க ஆரம்பித்தது. கழற்றலாம் என்றால் உள்ளே வெறும் பனியன்! செக்‌ஷன் ஆபீசர் முன்னால் பனியனோடு ஃபைல் நீட்ட முடியுமா? சாயங்காலம் வரை வேர்த்து நனைந்தேன். ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஊதல் காற்று அடித்தது பாருங்கள்... நனைந்த பனியன் முதுகில் ஐஸ் தகடு மாதிரி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காய்ச்சல். மூணு நாள் ரூமில் தனியாகக் கிடந்தேன். நாலாம் நாள் எழுந்து செய்த முதல் காரியம், ராஜினாமாக் கடிதம் எழுதி மடித்துப் பையில் வைத்ததுதான்.

அதைச் சொல்வதற்காகத்தான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கால் ரேட். ஊரில் பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டு போன்தான் எங்களுக்கு பி.பி. நம்பர். தூக்கத்தில் எழுந்த அண்ணாச்சி அப்பாவைக் கூப்பிட்டு வருவதற்குள் மீட்டர் எகிறிக்கொண்டிருந்தது.

"அப்பா, என்னால முடியலப்பா. குளிரு கொல்லுது. வேலைய விட்டுட்டு வந்துர்றேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்பத் கடை வைத்திருந்தவர். குளிர்ப் பிரதேசம் என்று அவர் பார்த்தது கடையின் ஐஸ் பெட்டியை மட்டும்தான்.

"என்னடா போட்டிருக்க?" என்றார். சொன்னேன்.

"ஏண்டா, நம்ம கடையில ஐஸை எப்பிடிடா வச்சிருக்கோம்? கனமா ஒத்தைச் சாக்க மட்டுமா போட்டு மூடுறோம்?"

எனக்கு மீட்டர் மேல் கண். "அப்பா, நான் குளிரப் பத்திப் பேசுறேன், நீங்க..."

"நானும் அதத்தாண்டா பேசுறேன். மரத்தூளு, அதுக்கு மேல சாக்கு, சாக்குக்கு மேல இன்னொரு சாக்கு, எல்லாத்துக்கும் மேல தார்ப்பாய். வெளிச்சூடு உள்ள போகாதுல்ல? அதே மாதிரி உன் ஒடம்புச் சூடு வெளிய போகாது. தூள அமுக்கி வச்சா ஐஸ் நிக்காது, பொலபொலன்னு இருக்கணும். நனைஞ்ச தூள உடனே மாத்திரணும். போன வை, காசு ஓடுது!"

போனை வைத்துவிட்டு நடந்து வந்தபோதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்தது அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. மரத்தூளுக்கு நடுவே இருப்பதும் காற்றுதான், கம்பளி நூலுக்கு நடுவே இருப்பதும் காற்றுதான். ஒரே கனத்த உடுப்பைவிட, தளர்வாக நாலு மெல்லிய உடுப்பு போட்டால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு காற்றுப் படலம் இலவசம். சூடு ஏறினால் ஒன்றைக் கழற்றலாம், இறங்கினால் மாட்டலாம். வேர்ப்பதற்கு முன்னாலேயே கழற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பத்து நாளில் பார்சல் வந்தது. உள்ளே மூணு கதர் ஜிப்பா. எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் அப்பா வாங்கி உடுத்தியவை. (காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி வருஷங்களைக் கழித்த ஆசிரமம் அதுதான்.) துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தன. ஒரு துண்டுச் சீட்டு: 'உனக்குத் தொளதொளவென்று இருக்கும். இருக்கட்டும்.'

பனியன், அதன்மேல் ஜிப்பா, அதன்மேல் சட்டை, ஒரு மெல்லிய கையில்லாத கம்பளி ஸ்வெட்டர், வெளியே போனால் காற்றுக்குத் தார்ப்பாயாக ஒரு ரெக்ஸின் ஜாக்கெட். காதுக்கு மஃப்ளர். பருத்தி நனைந்தால் குளிரும் என்பதால் பையில் எப்போதும் ஒரு காய்ந்த ஜிப்பா, ஒரு பனியன். இமயமலை ஸ்வெட்டர் ராத்திரி டியூட்டிக்கு மாற்றப்பட்டது. காலுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸை இறுக்கி மாட்டிப் பார்த்தேன். விரல் மரத்துப் போனது. 'தூள அமுக்காதே' ஞாபகம் வர, தளர்ந்த கம்பளி சாக்ஸுக்கு மாறினேன்.

ஆபீஸில் ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் போடுவேன். "வெங்காயம் வந்தாச்சா?" என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டுமே! வெங்காயத்துக்குக் காய்ச்சல் வரவில்லை. ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதினேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் ஊருக்குப் போனேன். கடையில் அப்பா வெறும் உடம்போடு, தோளில் துண்டு மட்டும் போட்டுக்கொண்டு சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அப்படியே. பெரியப்பா மகள் கல்யாணத்துக்கும் அப்படியே கிளம்பினார்.

"என்னம்மா இது?" என்றேன்.

அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். "இருந்த மூணையுந்தான் ஒனக்கு அனுப்பிட்டாரே. பொங்கலுக்குக்கூட வெறும் துண்டுதான். புதுசு எடுங்கன்னா, இந்த வருசம் யாவாரம் சரியில்லைங்கிறாரு."

எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவிடம் போய், "ஏம்ப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

அப்பா சிரித்தார். "போடா! காந்தியே மதுரைக்கு வந்துதான சட்டையக் கழட்டுனாரு!"

வாஸ்தவம். 1921 செப்டம்பர் 22-ல் மேலமாசி வீதியில்தான் மகாத்மா மேலாடையை விட்டார்.

"ஆனா பாரு, 1931-ல லண்டனுக்குப் போனப்ப அவரும் சால்வை போத்திக்கிட்டாருல்ல? நான் மதுரைக் காந்தி, நீ லண்டன் காந்தி. அவ்வளவுதாண்டா வித்தியாசம்!"

அன்று சாயங்காலமே காந்தி நிகேதனுக்குப் போய் ரெண்டு கதர் ஜிப்பா வாங்கி வந்தேன். அவர் அளவுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக.