நெவார்க்கின் சாம்பல் தேனீக்கள்

அமெரிக்காவில் போய் "ஃபுட்பால்" என்று சொன்னால் வேறு ஏதோ ஒரு விளையாட்டைக் காட்டுவார்கள். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், பெரும்பாலும் கையாலேயே ஆட்டம். உலகம் முழுக்கக் கால்பந்து என்று அழைக்கப்படும் ஆட்டத்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். ரொம்ப காலம் அது பிழைப்பு தேடி வந்தவர்களின் ஆட்டமாக, ஏதோ மூலையில் கிடந்தது.

அப்படிப்பட்ட ஒரு நாட்டில், ஒரே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்த மூன்று பையன்கள் உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தேசிய அணியின் தலைவர். இன்னொருவர் பின்னாளில் அதே அணியின் பயிற்சியாளர். இதை விடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளி 1972-ல் இழுத்து மூடப்பட்ட பள்ளி!

நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரத்தில் இருக்கிறது செயிண்ட் பெனடிக்ட்ஸ் பள்ளி. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கிறார்களே, அந்தப் புனிதரின் பெயர்தான். அவருடைய வழியில் வாழும் துறவிகள் 1868-ல் ஆரம்பித்தார்கள். பல பத்தாண்டுகளாக அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பையன்கள். பள்ளி அணிகளுக்கு "சாம்பல் தேனீக்கள்" என்று பெயர்.

1967 ஜூலையில் நெவார்க் பற்றி எரிந்தது. கறுப்பின டாக்ஸி ஓட்டுநர் ஒருவரைப் போலீஸ் கைது செய்து அடித்ததில் தொடங்கிய கலவரம், அடங்குவதற்குள் 26 உயிர்களைக் குடித்துவிட்டது. வெள்ளையர்கள் ஏற்கெனவே நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அது ஓட்டமாகவே மாறியது. பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. மடத்துக்குள்ளேயும் பிளவு. இந்த ஊரில் இனி யாருக்காகப் பள்ளி நடத்துவது என்று ஒரு சாரார் கேட்டார்கள். இந்த ஊர்ப் பையன்களுக்காகத்தான் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். ஒத்துப் போகவில்லை. 1972-ல் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. துறவிகளில் ஒரு பகுதியினர் வேறு மடத்துக்குப் போய்விட்டார்கள்.

மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பெனடிக்ட் சபையில் சேருகிறவர்கள் கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று கொஞ்சம் விசேஷமானது. சேர்ந்த மடத்திலேயே கடைசி வரை இருப்பேன் என்ற வாக்குறுதி அது. அமைதியான கிராமத்து மடத்தில் அதைக் காப்பாற்றுவது பெரிய காரியம் இல்லை. 1972-ல் நெவார்க்கில் காப்பாற்றுவது என்பது வேறு சமாச்சாரம். அவர்கள் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷமே, 1973-ல், நூறுக்கும் குறைவான மாணவர்களோடு மறுபடி கதவைத் திறந்தார்கள். தலைமை ஆசிரியரானவர் அதே பள்ளியில் படித்த எட்வின் லீஹி என்ற இளம் துறவி. இந்தத் தடவை வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நகரத்துக் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள்.

சரி, இதில் கால்பந்து எங்கே வந்தது?

அதற்கு நெவார்க்கை ஒட்டி ஓடும் பஸ்ஸாயிக் ஆற்றைத் தாண்ட வேண்டும். அக்கரையில் கெர்னி, ஹாரிசன் என்று இரண்டு சின்ன ஊர்கள். 1870களில் ஸ்காட்லாந்தின் கிளார்க் நூல் கம்பெனி கெர்னியில் ஆலை கட்டியது. ஆலையோடு ஸ்காட்லாந்துத் தொழிலாளிகளும், அவர்களோடு கால்பந்தும் வந்து சேர்ந்தன. அந்த நூல் ஆலையின் அணிதான் 1885-ல் முதலாவது அமெரிக்கன் கோப்பையை வென்றது. பிறகு போர்ச்சுகீசியர்கள், தென் அமெரிக்கர்கள் என்று வந்தவர்கள் எல்லாருமே பந்தை உதைக்கத் தெரிந்தவர்கள். நாடு முழுக்க சாக்கரை மறந்திருந்த காலத்திலும் இந்த ஆற்றங்கரை மறக்கவில்லை.

உருகுவேயின் மான்டவிடியோவில் பிறந்து, 11 வயதில் நியூ ஜெர்சிக்கு வந்த பையன் ஒருவன் அந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்தான். பெயர் டாப் ரமோஸ். உயர்நிலைப் படிப்புக்கு ஆற்றைத் தாண்டி செயிண்ட் பெனடிக்ட்ஸுக்கு வந்தான். பள்ளி ஆட்டங்களில் மட்டும் 161 கோல். 1983-ல் நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரன் என்று பரேட் பத்திரிகை தேர்ந்தெடுத்தது. பூட்டைத் திறந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது!

1984-ல் பள்ளி முடித்ததும் நியூயார்க் காஸ்மாஸ் அணி ரமோஸைத் தேர்வு செய்தது. பெலே ஆடிய அணி. ஆனால் ரமோஸ் கல்லூரிக்குப் போனார். நல்ல முடிவுதான். காஸ்மாஸ் ஆடிய லீக் அந்த சீசனோடு படுத்துவிட்டது. 40 வருஷத்துக்குப் பிறகு 1990-ல் அமெரிக்கா மறுபடி உலகக் கோப்பைக்குப் போனபோது ரமோஸ் அணியில் இருந்தார். கூடவே கெர்னி பொதுப் பள்ளியில் படித்த ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா. ஓர் ஆற்றின் இரண்டு கரைகளிலிருந்தும் மூன்று பேர். 1994-ல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் பிரேசிலின் லியோனார்டோ முழங்கையால் இடித்து ரமோஸின் மண்டை ஓட்டில் விரிசல் விட்டது பலருக்கும் நினைவிருக்கும். 1998 உலகக் கோப்பையிலும் ஆடினார்.

ரமோஸுக்குப் பிறகு வந்தவர்கள் கிளாடியோ ரெய்னாவும் கிரெக் பெர்ஹால்டரும். ரெய்னாவின் அப்பா அர்ஜெண்டினாக்காரர். ரெய்னா ஆடிய மூன்று வருஷங்களில் பள்ளி அணி ஆடியது 65 ஆட்டம், ஜெயித்தது 65 ஆட்டம். தோல்வி இல்லை, டிராவும் இல்லை. பரேட் பத்திரிகையின் அந்த விருதை இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள் ரெய்னாதான்.

அமெரிக்காவில் பள்ளிகளுக்கென்று தேசியக் கோப்பைப் போட்டி கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாநிலத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பத்திரிகைகளும் பயிற்சியாளர்களும் போடும் தரவரிசைதான். அந்தப் பட்டியல்களில் செயிண்ட் பெனடிக்ட்ஸ் பல வருஷம் நாட்டின் முதல் இடத்தில் இருந்தது.

ஒரு கேள்வி எழும். நல்ல ஆட்டக்காரனாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? நியாயமான கேள்விதான். பொதுப் பள்ளிக்கு எல்லை உண்டு. கெர்னி பள்ளியில் கெர்னிப் பையன்கள் ஆடினார்கள். தனியார் பள்ளிக்கு அந்த எல்லை கிடையாது. ரெய்னா ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்தும், பெர்ஹால்டர் டெனஃப்ளையிலிருந்தும் வந்தவர்கள். இரண்டுமே புறநகர்கள். நெவார்க் ஏழைப் பையன்களுக்காகத் திறந்த பள்ளிக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தவர்கள் வெளியூர்ப் பையன்கள் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1967-க்குப் பிறகு நெவார்க்கை விட்டு எல்லாரும் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வருவதற்கு யாருக்கும் காரணம் இல்லை. டெனஃப்ளையில் இருந்த ஒரு அப்பா தன் பையனை தினமும் நெவார்க்குக்கு அனுப்ப ஒரு பந்து காரணமாக இருந்தது. உள்ளே வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே சட்டம். அந்தப் பள்ளியில் மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் வருகைப் பதிவு எடுப்பது முதல், வராதவனைத் தேடுவது வரை மூத்த மாணவர்கள் பொறுப்பு. புதிதாகச் சேரும் பையன்கள் வருஷக் கடைசியில் அப்பலாச்சியன் மலைப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒருவன் தளர்ந்தால் குழுவே நிற்கும். என் சகோதரனை வலிக்கச் செய்வது எதுவோ அது எனக்கும் வலிக்கும் என்பதுதான் பள்ளியின் வாசகம்.

அந்த வாசகத்துக்கு மைதானத்தில் கிடைத்த உருவம் 2002 உலகக் கோப்பை. தென் கொரியாவின் உல்சான் நகரம், ஜூன் 21, ஜெர்மனியுடன் கால் இறுதி. அமெரிக்காவின் தலைவர் ரெய்னா. தடுப்பு வரிசையில் பெர்ஹால்டர். பள்ளித் தோழர்கள் இருவரும் ஒரே சட்டையில். ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது பெர்ஹால்டர் அடித்த பந்து, கோல் கோட்டில் நின்ற ஃப்ரிங்ஸின் கையில் பட்டது. நடுவர் கொடுக்கவில்லை. 1-0 என்று தோற்றார்கள். அந்த நடுவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பது கெர்னிக்காரர்களுக்கு நிச்சயம் உறைத்திருக்கும்! அந்தப் போட்டியின் சிறந்த அணியில் ரெய்னாவுக்கும் இடம் கிடைத்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை.

2022 கத்தார் உலகக் கோப்பையில் அமெரிக்காவின் பயிற்சியாளர் பெர்ஹால்டர். அணியில் ரெய்னாவின் மகன் ஜியோ. பையனுக்கு ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. போட்டி முடிந்த பிறகு, ஒரு ஆட்டக்காரனை வீட்டுக்கே அனுப்பியிருப்போம் என்று பெர்ஹால்டர் ஒரு கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பேசினார். யாரைப் பற்றி என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ரெய்னா குடும்பம், பெர்ஹால்டரின் இளமைக் காலத் தனிப்பட்ட சம்பவம் ஒன்றை சாக்கர் சங்கத்திடம் தெரிவித்தது. விசாரணை நடந்தது. அவரைப் பணியில் வைக்கத் தடையில்லை என்று 2023 மார்ச்சில் அறிக்கை வந்தது. ஜூனில் மறுபடி பயிற்சியாளரானார். 2024 கோபா அமெரிக்காவில் முதல் சுற்றிலேயே வெளியேறியதும் நீக்கப்பட்டார். பதவி வரும், போகும். பள்ளி வயதிலிருந்து வந்த நட்பு ஊர் பார்க்க உடைந்தது.

பள்ளியின் வாசகம் தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்வது சுலபம். சகோதரனின் வலி எனக்கும் வலி என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான் ஒருவரை ஒருவர் அந்த அளவுக்கு வலிக்க வைக்கவும் முடியும். ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியில் யாரும் யாருக்கும் மன்னிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. 65-க்கு 65 ஜெயித்தவர்களுக்கு அந்தப் பாடம் மட்டும் நடத்தப்படாமல் போயிருக்கலாம்.

ஆனால் அந்தப் பள்ளியின் வரலாற்றில் அந்தப் பாடம் இருக்கிறது. கோப்பை அலமாரியில் தேட வேண்டியதில்லை, 1972-ல் தேடினால் போதும். தோற்று, பிரிந்து, பூட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த சில துறவிகள் மறு வருஷம் மறுபடி ஆரம்பித்தார்களே, அதுதான் அந்தப் பள்ளி ஆடிய மிகப் பெரிய ஆட்டம். 2020-ல் அருகிலுள்ள எலிசபெத் நகரத்தில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி மூடப்பட்டது. அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த செயிண்ட் பெனடிக்ட்ஸ் அந்த வருஷமே பெண்கள் பிரிவைத் தொடங்கி, அந்த மாணவிகளுக்குக் கதவைத் திறந்தது. பள்ளி மூடப்படுவது எப்படியிருக்கும் என்று அந்தக் கட்டிடத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.