சோழவரத்து ஓடுதளம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் ராஜபாட்டையில், செங்குன்றத்துக்குச் சற்று முன்னால் சோழவரம் இருக்கிறது. ஏரிக்குப் பெயர் பெற்ற ஊர். சென்னைவாசிகள் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போகிறது. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியது ஏரியைப் பார்ப்பதற்கல்ல. பழைய ஆகாய விமான ஓடுதளம் ஒன்றைத் தேடி.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம்மிடம் படித்த பையன் ஒருவன். தகப்பனாருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலை வேலை. பையனுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மேல் பித்து. கற்றுக் கொடுப்பார் இல்லாமையால், இரவு வேளையில் தோழர்களுடன் ராஜபாட்டையிலேயே பழகத் தொடங்கிவிட்டான். பாரம் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகிற சாலை! சென்ற வைகாசியில் தோழன் ஒருவன் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தகப்பனார் வந்து, “ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான்” என்றார். சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு, “அப்படியானால் எங்கே போய்க் கற்றுக்கொள்வது, ஸார்?” என்றான். இருபது வருஷம் உபாத்தியாயராக இருந்தும் நமக்கு விடை தெரியவில்லை.

அதனால்தான் அவனையும் அழைத்துக்கொண்டு சோழவரம் போனோம். இரண்டாவது மகாயுத்தத்தின்போது ஏற்பட்ட அந்த ஓடுதளத்தில், யுத்தம் முடிந்த பிறகு மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் பல்லாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. கோண்டல் மகாராஜா போன்றவர்கள் வந்து ஓட்டினார்கள். டீக்கடைப் பெரியவர் ஒருவர் தாம் சிறுவனாக வேலியோரம் நின்று பார்த்ததை அபிநயத்துடன் விவரித்தார். “அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது?” என்று பையன் கேட்டான். “காசு!” என்றார் பெரியவர்.

அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 1992-ல், பதினைந்து வயதில், முறையாகப் பாடம் கேட்கப் பிரான்ஸ் தேசத்து வின்ஃபீல்டு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். எல்லாருக்கும் பிரான்ஸ் கிட்டுமா?

நல்லவேளையாக, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே பயிற்சி வகுப்பும் உண்டென்று அறிந்து, இரண்டு வாரம் கழித்து மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். பையன் வண்டியைக் கொடுப்பார்களென்று நினைத்தான். அவர்களோ பெஞ்சியில் உட்கார வைத்துக் கரும்பலகையில் கோடு போட்டார்கள்! நமக்கு உள்ளூரச் சந்தோஷம். வளைவுக்கு வெளியோரத்திலிருந்து வந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்குப் போக வேண்டும். வண்டி நிமிர்ந்து ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாய்ந்தபின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். கண் சக்கரத்துக்கு முன்னால் அல்ல, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். இராத்திரி ராஜபாட்டையில் பையன் செய்ததெல்லாம் இதற்கு நேர்மாறு. அவன் முகம் சிவந்ததை நாம் கவனிக்காதது போல் இருந்துவிட்டோம்.

கட்டணந்தான் மலைக்க வைத்தது. ஊர் திரும்பித் தகப்பனாரிடம் தொகையைச் சொன்னோம். வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

“எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் போகுமா?”

“ஆமாம்.”

“லாரி வராதே, ஐயா?”

“வராது” என்றோம்.

எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார்.