எதுக்கும் ஒரு தடவை

தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் ‘எதுக்கும்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எதுக்கும் குடைய எடுத்துக்க. எதுக்கும் பாஸ்போர்ட்ட இன்னொரு தடவ பாத்துடு. எதுக்கும் ஒரு போன் போட்டுடு. என்ன நடந்துவிடும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதில்தான் அந்தச் சொல்லின் பலமே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது அக்கறையின் சொல். எங்கள் ஈசூன் வீட்டில் ஏழு ஆண்டுகள் அது என் நோயின் செல்லப்பெயராகவும் இருந்தது.

ஓசிடி என்றால் பலருக்கும் சுத்தம்தான் நினைவுக்கு வரும். மேசையில் பேனாக்களை வரிசையாக அடுக்குபவர்கள் “எனக்குக் கொஞ்சம் ஓசிடி இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என் அறை எப்போதும் குப்பைதான். எனக்கு வந்தது சரிபார்க்கும் வகை. காலையில் வீட்டைவிட்டுக் கடைசியாகக் கிளம்புவது நான். கேஸ் அடுப்பின் குமிழ்கள், மெயின் வால்வு, அயன் பெட்டியின் சுவிட்ச், சன்னல், கதவு, இரும்புக் கேட்டின் பூட்டு. இந்த வரிசையை முடித்து மின்தூக்கியில் ஒன்பது மாடி இறங்கி, அதே மின்தூக்கியில் திரும்ப ஏறுவேன். பிறகு போனில் அடுப்பைப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ரயிலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இது இன்றைக்கு எடுத்ததா, நேற்று எடுத்ததா? படம் எடுக்கும்போது கை பட்டுக் குமிழ் திரும்பியிருந்தால்?

தமிழில் ‘ஆச்சு’ என்று ஒரு துணைவினை இருக்கிறது. மூடியாச்சு, பூட்டியாச்சு, சாப்பிட்டாச்சு. செய்தவர் யார் என்றுகூடச் சொல்ல வேண்டாம், காரியம் முடிந்தது, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அந்த ‘ஆச்சு’ தானாக வந்துவிடுகிறது. எனக்கு வரவில்லை. கை மூடியது, கண் பார்த்தது, உள்ளே ஆகவில்லை.

நான் தனி ஆள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2010இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் வந்தவர்கள் 3 விழுக்காடு. 2016 ஆய்வில் அது 3.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 28 பேரில் ஒருவர். அதைவிட என்னை நிறுத்திய எண் வேறு. இந்த நோய் உள்ளவர்கள் உதவி தேடி வர எடுத்துக்கொள்ளும் காலத்தின் இடைநிலை 11 ஆண்டுகள். பதினோரு ஆண்டுகள் ஒரு வீடு என்னவெல்லாம் செய்யும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது, ஏழு ஆண்டுகளில் எங்கள் வீடு செய்ததை வைத்து.

அம்மா ஒரு பள்ளி உணவகத்தில் வேலை செய்கிறார். காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். அதற்கு முன்பு தோசை ஊற்றி மூடிவைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். என் சோதனைகள் அரை மணி நேரத்தைத் தாண்டியபோது, யாரிடமும் சொல்லாமல் அம்மா காலையில் அடுப்பு பற்றவைப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு ரொட்டியும் வாழைப்பழமும். பேருந்து ஓட்டும் அப்பா கீழே கோப்பிக்கடைக்குப் போனார். “எரியாத அடுப்பப் பத்தி என்ன கவல, நிம்மதியா போ கண்ணு” என்றார் அம்மா. இரண்டு வாரம் நிம்மதியாகத்தான் போனேன். அதன்பிறகு எரியாத அடுப்பையும் சரிபார்த்தேன். ஒரு மணிக்கொரு தரம் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போகும்: “அடுப்ப அணைச்சியாம்மா?” மாவு பிசைந்த கையைத் துடைத்துவிட்டு அவர் பதில் போடுவார்: “அணைச்சாச்சு கண்ணு.” அந்தப் பதிலின் ஆயுள் பத்து நிமிடம்.

பலதுறை மருந்தகத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, “உட்பிரிட்ஜா?” அந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறிப் பெயரும் மாறிவிட்டது. அம்மா தலைமுறையின் வாயில் மட்டும் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. மாத்திரையையும் ஒரு வழியாகச் சொன்னார்கள். பலருக்கு அது தேவைப்படும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்கு முதலில் எட்டு அமர்வுகள் கொண்ட சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை, பரிந்துரைக்கப்பட்டது.

என் மனநல ஆலோசகர் சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுபவர். முதல் அமர்வில் ஒரு வட்டம் வரைந்தார். சந்தேகம், பதற்றம், சரிபார்ப்பு, கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி சந்தேகம். நிம்மதிதான் வட்டத்தை ஓட்டுகிறது என்றார். சந்தேகம் எல்லோருக்கும் வரும். பார்த்ததும் பதற்றம் இறங்குவதால், பார்த்தால்தான் இறங்கும் என்று மூளை கற்றுக்கொள்கிறது.

அடுத்த அமர்வில் எதற்குப் பயப்படுகிறேன் என்று கேட்டார். தீ, என்றேன். வீடு போவதல்ல. பக்கத்து வீட்டு மக்சிக்கும் அவருடைய பேரனும். என்னால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால். பால் சல்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1985இலேயே இதைத்தான் இந்த நோயின் நடுவில் வைத்தார்: வரக்கூடிய கேடு அனைத்துக்கும் நானே பொறுப்பு என்ற ஊதிப்பெருத்த உணர்வு. ஒரு தீ உண்டாக என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று பட்டியலிட்டு, ஒரு வட்டத்தைப் பங்குபோடச் சொன்னார். என் பங்கைக் கடைசியில் குறிக்க வேண்டும். மிஞ்சிய இடம் ஒரு கீற்று.

பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டார். கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் இருக்கிறேன். “ஒரு நிறுவனத்தின் எல்லா ரசீதையும் பார்ப்பீர்களா?” இல்லை, மாதிரி எடுத்துப் பார்ப்போம். தணிக்கை அறிக்கை தருவது நியாயமான உறுதி மட்டுமே, முழு உறுதி இல்லை என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். முழு உறுதி என்று ஒன்றை யாராலும் விற்க முடியாது. கோடிக்கணக்கான வெள்ளிக் கணக்கை நியாயமான உறுதியோடு முடித்துவிட்டு, இரண்டு குமிழ் வைத்த அடுப்பிடம் முழு உறுதி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சிரித்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு சோதனை. ஒருநாள் அடுப்பை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், மறுநாள் இஷ்டம்போல. அரை மணி நேரம் கழித்து, நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். ஒரு தடவை பார்த்த நாள் 70. பதினைந்து தடவை பார்த்த நாள் 30. இதை 2003இல் நெதர்லாந்தின் மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரல் கிண்ட்டும் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்துச் சோதித்திருக்கிறார்கள், நோயில்லாத மாணவர்களிடம். திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களின் நினைவு பிசகவில்லை. ஆனால் அது மங்கியது, அதன்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. ஒரே சொல்லை நூறு தடவை சொன்னால் பொருள் கழன்றுபோகும் அல்லவா, அப்படி. என் நினைவாற்றல் மோசம், அதனால் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்க்கப் பார்க்கத்தான் அது மங்குகிறது என்று அந்த 70ம் 30ம் சொல்லின.

அதன்பின் ஏணி. எளிதான படி சன்னல், உச்சிப்படி அடுப்பு. ஒவ்வொன்றையும் ஒரு தடவை மூடிவிட்டு, பார்க்காமல், படம் எடுக்காமல், யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர், இருவரை மருத்துவமனையில் வைத்து, சடங்குகளைச் செய்யவிடாமல் தடுத்துப் பார்த்ததிலிருந்து வளர்ந்த முறை இது. தடுத்தால் அவர்கள் உடைந்துபோவார்கள் என்ற அச்சம் அப்போது இருந்தது. உடையவில்லை. முதல்நாள் நான் உடைந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். காத்திப்புக்கும் இயோ சூ காங்கிற்கும் இடையில் ரயில் நீர்த்தேக்கத்தின் ஓரமாக நீண்ட நேரம் ஓடும். அந்த இடைவெளியில் உள்ளங்கை முழுக்க வியர்வை. பதற்றம் 90. சிட்டி ஹால் வருவதற்குள் 50. நான் எதுவுமே செய்யவில்லை. அதுவாக இறங்கியது.

கடினமான படி ஏணியில் இல்லாதது. ஐந்தாவது அமர்வுக்கு அம்மாவையும் அழைத்தார்கள். அம்மா என்னிடம் சொல்லும் “அணைச்சாச்சு”வும் ஒரு சரிபார்ப்புதான், அவர் கையால் நடக்கும் சரிபார்ப்பு. அதை நிறுத்த வேண்டும். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க நான்தான் இருந்தேன். எத்தனையோ சொற்களைத் தேடினேன். கடைசியில் இதுதான் வந்தது: “அம்மா, இனிமே எனக்கு ஆறுதல் சொல்லாத.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். “பதில் சொல்லலன்னா புள்ள துடிக்குமே. அத எப்படிங்க பாத்துட்டு இருக்குறது?” இதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் பாதியில் நின்றது. ஆலோசகர் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: “துடிப்பு இறங்கும். கூட இருங்கள். பதில் மட்டும் வேண்டாம்.”

அன்றிலிருந்து என் செய்திக்கு அம்மாவின் பதில் ஒன்றுதான். “தெரியல கண்ணு.” முதல் வாரம் அந்தச் சொல்லைப் பார்த்து அலுவலகக் கழிவறையில் அழுதேன். அந்த வாரம் அம்மாவும் சரியாகத் தூங்கவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். மூன்றாவது வாரம் நான் கேட்பதே குறைந்தது.

நோயின் கடுமையை நாற்பதுக்கு அளக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு. தொடங்கும்போது 26, எட்டாவது அமர்வில் 12. பூஜ்யம் இல்லை. எல்லோருக்கும் எட்டு அமர்வு போதாது என்பதையும் அவர் சொல்லியே அனுப்பினார். தூக்கம் கெட்ட வாரங்களிலும் தணிக்கை உச்சத்தில் இருக்கும் மாதங்களிலும் அது திரும்பும். அப்போது ஏணியை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஒரு மார்ச் மாதக் காலையில் சட்னி தாளிக்கும் சத்தத்தில் எழுந்தேன். அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அப்பா அன்று கோப்பிக்கடைக்குப் போகவில்லை. மூன்று தோசை சாப்பிட்டு, ஒரு தடவை பூட்டி, இறங்கினேன். நீர்த்தேக்கம் வந்ததும் கேள்வியும் வந்தது. பதில் தெரியவில்லை. ரயில் போய்க்கொண்டிருந்தது.