ஒரே ஸ்கிரிப்ட், ஊருக்கு ஒரு பேச்சு

ஷெல் என்றால் ஒன்றே ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், மக்களே! 1979ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்தான் தாத்தா. கார்ன், பாஷ், ஆஷ் எல்லாம் பேரப்பிள்ளைகள். ஆளுக்கு ஒரு வழக்கு. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1992ல் பாஸிக்ஸ் தரம் ஷெல்லுக்கும் வந்தது. எழுதுகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா என்பது வேறு கதை :-)

லினக்ஸில் ரொம்ப நாளாக 'எஸ்.எச்' என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வந்து நின்றது பாஷ்தான். அதனால் முதல் வரியில் எஸ்.எச் என்று போட்டுவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே புரிகிற சங்கதிகளை எழுதுவது பழக்கமாகிவிட்டது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10 வந்தபோது எஸ்.எச் என்ற பெயரை டாஷுக்குக் கொடுத்துவிட்டார்கள். டாஷ் சின்னது, வேகமானது, கணினி சீக்கிரம் எழுந்து நிற்கும். ஆனால் அதுவரை ஒழுங்காக ஓடிய எத்தனையோ ஸ்கிரிப்டுகள் படுத்துவிட்டன. டெபியனும் 2011ல் 6.0 பதிப்பில் அதே வழிக்கு வந்தது.

படுத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. இரட்டை அடைப்புக்குறி [[ போட்டால் டாஷ் 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று திட்டும், தெரிந்துவிடும். திட்டாமல் கவிழ்ப்பதுதான் ஆபத்து. &> என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். பாஷில் அது வெளியீடு, பிழைச் செய்தி இரண்டையும் ஒரே கோப்புக்கு அனுப்பும். டாஷ் அதை இரண்டாக உடைத்துப் படிக்கிறது: & என்றால் வேலையைப் பின்னணியில் ஓடவிடு, > என்றால் காலிக் கோப்பைத் திற. கோப்பு திறந்ததும் 'வெற்றி' என்று பதில்!

இப்போது ஒரு பேக்கப் ஸ்கிரிப்டை நினைத்துப் பாருங்கள். 'நகலெடு &> பதிவு; வெற்றி என்றால் பழையதை அழி.' டாஷில் நகலெடுப்பு பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது டிஸ்க் நிறைந்து தோற்றே போயிருக்கும். அதற்குள் மூலக் கோப்பு போயே போச்சு. வரவு எழுதும் முன்பே வவுச்சரைக் கிழித்துப் போட்ட மாதிரி. > போட்டு, கடைசியில் 2>&1 என்று எழுதியிருந்தால் எல்லா இடத்திலும் சரியாக நடந்திருக்கும். நாலு எழுத்து சோம்பல், அவ்வளவுதான்.

மேக் பக்கம் போனால் வேறு கூத்து. பாஷ் 4 ஜிபிஎல் மூன்றாம் உரிமத்துக்கு மாறியதால் ஆப்பிள் 3.2லேயே நின்றுவிட்டது, 2019ல் முனையத்துக்கு இஸட் ஷெல்லைக் கொண்டுவந்தது. பெயரால் தேடும் அணிகள் பாஷ் 4ல்தான் வந்தன, அதனால் மேக்கின் பாஷில் அவை கிடையாது. ஷெல் சரியாக இருந்தாலும் துணைக் கட்டளைகள் காலை வாரும். ஸெட் கட்டளையில் மைனஸ் ஐ போட்டால், லினக்ஸில் கோப்பு அப்படியே மாறும். மேக்கிலோ அடுத்து வருவதைப் பேக்கப் கோப்பின் வால் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்! தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவதுதான் இரண்டுக்கும் பொது.

பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் வெளிப்படையாகப் பாஷ் என்றே போடலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் ஆல்பைன் லினக்ஸில் பாஷ் தானாக இருக்காது, தனியாக நிறுவ வேண்டும். எஸ்.எச் என்றுதான் போடுவேன் என்பவர்கள் ஷெல்செக்கில் ஒருமுறை ஓட்டிவிட்டு, டாஷிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். முக்கியமாக, அழிக்கும் வரி உள்ள ஸ்கிரிப்டை.