சாரலுக்குத் தாங்குமா உங்க கலர்?

குற்றாலம் டூருக்கு லிஸ்ட் போட்டாச்சா பாஸ்? துண்டு, ரெண்டு ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு, செல்போனுக்கு பிளாஸ்டிக் கவர்... எல்லாம் ஓகே. பையோட சைடு ஜிப்புக்குள்ள கர்ச்சீஃப்ல சுத்தி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே ஒரு குட்டி டப்பா, அது என்ன? சொல்ல மாட்டீங்க. நாங்களே சொல்றோம். ஒண்ணு, ஃபேர்னெஸ் க்ரீம். இல்லேன்னா, ரீல்ஸ் பார்த்து ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின ப்ரான்சர்.

ரெண்டும் கலர் சமாச்சாரம்தான். ஆனா திசை வேற. முதலாவது, 'உன்னை வெள்ளையாக்குறேன் வா' என்று கூப்பிடும். ரெண்டாவது, ரெண்டு நாள் வெயில்ல ஜாலியா சுத்திட்டு வந்த மாதிரி முகத்துல லேசா ஒரு வெண்கலச் சாயலை ஏத்தும். பவுடராவும் வரும், க்ரீமாவும் வரும், குச்சியாவும் வரும். ராத்திரி முகம் கழுவினா போயிடும்.

'நமக்குத்தான் வருஷம் பூரா வெயில் ஃப்ரீயா அடிக்குதே, இதுக்குப் போய் காசா?' என்று சிரிக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. இந்தச் சரக்கு நமக்காகச் செஞ்சது இல்லைங்கிறது உண்மைதான். ஐரோப்பாவுல ஒரு காலத்துல வெயில்ல கறுத்தவன்னா வயல்ல வேலை பார்க்கிறவன், வெளுத்தவன்னா பணக்காரன். 1920-கள்ல அது தலைகீழாச்சு. கடற்கரைக்குப் போய் வெயில் காய லீவும் காசும் இருக்கிறவன்தான் பெரிய ஆள்னு ஆனதும் கறுப்பு ஃபேஷன் ஆயிடுச்சு. பிரான்ஸின் கெர்லான் கம்பெனி 1984-ல் டெரகோட்டா என்ற பெயரில் ப்ரான்சிங் பவுடரைக் கொண்டு வந்தது. டெரகோட்டான்னா சுட்ட மண். அதாவது நம்ம ஊர்ப் பானை கலர்! அதைப் பூசிக்க அங்கே க்யூ. இங்கே அந்தக் கலர்ல பொறந்தவன் அதை அழிக்க க்யூ.

தென்காசியில இறங்குங்க. சென்னைப் பக்கம் இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்தா காலையில வந்துடலாம். காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தைப் பார்க்காம நகராதீங்க. சுமார் 178 அடி. பழைய கோபுரம் சிதைஞ்சு பல வருஷம் மொட்டையா நின்னு, 1990-ல்தான் இப்போ இருக்கிற கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆச்சு. அந்த வாசல்ல நின்னா செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து ஆளையே தள்ளும். ஜெல் போட்டு நிமிர்த்தின முடியெல்லாம் ஒரே செகண்ட்ல காலி.

அப்படியே கடைவீதியில ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள்ள போய், "அண்ணாச்சி, ப்ரான்சர் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்க. "வெண்கலப் பாத்திரமா தம்பி? அது அந்தக் கடைசில" என்று பாத்திரக் கடைக்குக் கை காட்டினாலும் காட்டுவார். ஆனா வெள்ளையாகுற க்ரீம் கேட்டா ஒரு ஷெல்ஃபையே இறக்கிப் போடுவார்.

அந்த ஷெல்ஃபுக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவுக்கு 1975-ல் வந்தது. முப்பது வருஷம் அக்கா, தங்கச்சி க்ரீமைத் திருட்டுத்தனமா பூசிட்டு இருந்த பசங்களைக் குறி வெச்சு, 2005-ல் இமாமி கம்பெனி ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் விட்டது. 2007-ல் 'சிவாஜி' படம். சூப்பர் ஸ்டாரே வெள்ளையாக என்ன பாடு படறார்னு தியேட்டர்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். 'ஒரு கூடை சன்லைட்' பாட்டுல அவர் வெள்ளைக்காரராகவே வந்தாரே, அது மேக்கப் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட தோல் நிறத்தை எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமா கம்ப்யூட்டர்ல ஏத்தினது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு தேசிய விருதும் கிடைச்சது. மெசேஜ் என்னன்னா, ஒரு ஆளை அந்த அளவுக்கு வெள்ளையாக்க கிராபிக்ஸால மட்டும்தான் முடியும்! க்ரீமால ஆகாது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லின்னு பேரை மாத்திக்கிச்சு. பேர்தான் மாறுச்சு, நம்ம மனசு?

இது வெறும் காமெடி மேட்டரா இருந்தா விட்டுடலாம். இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீர்ல புரதம் கசியுற அபூர்வமான நோயோட அடுத்தடுத்து ஆட்கள் வந்தாங்க. டாக்டர்கள் துருவித் துருவி விசாரிச்சா, அவங்கள்ல பலரும் சிவப்பழகு க்ரீம் பூசினவங்க. யார் தயாரிச்சாங்கன்னே லேபிள்ல ஒழுங்கா இல்லாத டப்பாக்கள். உள்ளே பாதரசம். 2023-ல் இது பெரிய செய்தியாகி, கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பேர் வெச்சு கடை கடையா ரெய்டு நடத்தினது. பாதரசம் மெலனின் உருவாகுறதைத் தடுக்கும், அதனாலதான் சீக்கிரம் 'ரிசல்ட்' தெரியுது. தோல் வழியா உள்ளே போய் கிட்னியில உட்காரும், அது பாட்டில்ல எழுதியிருக்காது.

இன்னொரு வில்லன், மெடிக்கல் ஷாப்ல 'ஃப்ரெண்டு சொன்னான்' என்று வாங்குற ஸ்டீராய்டு ஆயின்மென்ட். படை, அரிப்புக்கு டாக்டர் கொடுக்கிற மருந்து அது. முகத்துல ஒரு வாரம் பூசினா பளிச். மாசக்கணக்குல பூசினா தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு வெடிச்சு, நரம்பு தெரியும். நிறுத்தினா முன்னைவிட மோசமாகும். அதனால மறுபடி பூசு, மறுபடி பூசு... கிட்டத்தட்ட போதை மாதிரிதான். 2018-லேயே இந்த ஆயின்மென்ட்டுகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியாச்சு. ஹாஸ்டல் ரூம்ல ஒரு ட்யூப் கை மாறி கை மாறிச் சுத்துதுன்னா அதை எடுத்து முதல்ல குப்பையில போடுங்க.

சரி, மூடு மாத்துவோம். வடகரைக்கு வாங்க.

குற்றாலம் வர்ற கூட்டத்துல பாதிக்கு இந்த ஊர் இருக்கிறதே தெரியாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், பிரானூர் பார்டர்ல புரோட்டா, ரிட்டர்ன். அவ்வளவுதான் டூர். நீங்க செங்கோட்டையில இருந்து பண்பொழி பஸ்ஸைப் பிடிங்க. குன்று மேல திருமலைக்குமாரசாமி கோயில். படி ஏறி மேலே நின்னா கீழே வயலும் தென்னையும் குளமுமா ஒரு பச்சைப் பாய். அந்தப் பச்சைக்கு நடுவுலதான் வடகரை. மேற்கே மேக்கரை, அங்கே 132 அடி உயரத்துல அடவிநயினார் அணை. அனுமன் நதித் தண்ணி. ராத்திரி யானை இறங்கி தென்னையைச் சாய்ச்சிட்டுப் போச்சுங்கிறது இந்தப் பக்கத்துல அடிக்கடி வர்ற நியூஸ், அதனால இருட்டினப்புறம் தோப்புப் பக்கம் செல்ஃபி வேணாம்.

கலரைப் பத்திப் பேசிட்டு உங்களை எதுக்கு இங்கே இழுத்துட்டு வந்தோம்? மாமரம். தளிர் விடுற நேரத்துல ஒரு மாந்தோப்புப் பக்கம் போய்ப் பாருங்க. புதுத் தளிர் பச்சையா இருக்காது. செம்பும் பழுப்பும் கலந்து, மினுமினுன்னு, அசல் ப்ரான்ஸ் கலர். நம்ம சங்கக் கவிஞர்கள் அழகான மேனிக்கு இதைத்தான் உவமை சொன்னாங்க. அதுக்கு மாமைன்னு பேர். மாநிறம்னு நாம சொல்றதையும் இதோட சேர்த்துச் சொல்றது உண்டு. வெளுத்துப் போறதுக்கு அவங்க வெச்ச பேர் பசலை. காதலன் ஊர்ல இல்லாத சோகத்துல வர்ற நோய்! அவங்க கணக்குப்படி பார்த்தா, வெள்ளையாகத் துடிக்கிறவன் காசு கொடுத்து பசலை வாங்குறான்.

'ஆம்பளை மேக்கப் போடறதா?' என்று மூக்கைச் சுளிக்கிறவருக்கும் இந்த மண்ணுலயே பதில் இருக்கு. நெல்லை, தென்காசிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போனீங்கன்னா கணியான் கூத்து நடக்கும். மகுடம் அதிர அதிர, பெண் வேஷம் கட்டின ஆம்பளைங்க முகத்துல பவுடரும் மையும் பொட்டுமா விடிய விடிய ஆடுவாங்க. ஊரே கும்பிட்டு உட்கார்ந்து பார்க்கும். நடிக்க வந்தவனை 'அரிதாரம் பூசினவன்' என்று சொல்றோமே, அந்த அரிதாரம் நிஜமாவே ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமம். (அந்தக் காலத்துக் கலைஞர்கள் விஷத்தைப் பூசிட்டு ஆடியிருக்காங்க.) சி.பி.எஸ்.இ.ல ப்ளஸ் டூ படிச்சவங்களுக்கு அசோகமித்திரன் பாடம் ஞாபகம் இருக்கும். ஜெமினி ஸ்டூடியோவுல லாரி லாரியா பான்கேக் வாங்கி நடிகர்கள் முகத்துல அப்பின கதை. தாராளமா அப்பினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க அந்தப் பாடம் ஒண்ணு போதும்.

ப்ரான்சர் மேட்டரும் அதேதான். பூசினது தெரிஞ்சா ஃபெயில். "ஏலே, மூஞ்சில என்னத்தல தேச்சிருக்க?" என்று நண்பன் கேட்டா அரியர் கன்ஃபர்ம். "என்னல, ஊருக்குப் போயிட்டு வந்தியா, தெளிவா இருக்க?" என்று கேட்டா டிஸ்டிங்ஷன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஷேடு. கடையில கிடைக்கிற பெரும்பாலான ப்ரான்சர் வெளுத்த தோலுக்குச் செஞ்சது. நம்ம முகத்துல அது ஒண்ணு ஆரஞ்சு அடிக்கும், இல்லேன்னா சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். உங்க நிறத்தைவிட ஒரு ஷேடு, மிஞ்சிப் போனா ரெண்டு ஷேடு ஆழமா எடுங்க. சிவப்பு கலந்த பழுப்பு நம்மில் பல பேருக்குப் பொருந்தும். ஜிகினா மின்னுதா? அப்படியே திருப்பி வெச்சிடுங்க. நம்ம ஊர் வேர்வையே போதுமான அளவுக்கு மின்னும். கையில தேய்ச்சுப் பார்த்து ஏமாறாதீங்க, கை வேற கலர், முகம் வேற கலர். தாடை ஓரத்துல ஒரு கோடு போட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தை விட்டு வெளியே வந்து பாருங்க. வடகரை வயல் வரப்பு மாதிரி திறந்த வெளி கிடைச்சா இன்னும் நல்லது. காலை வெளிச்சத்துல எந்தப் பொய்யும் நிற்காது. கோடு தோல்ல கரைஞ்சு மறைஞ்சா அது உங்க ஷேடு.

பூசுற இடம், சூரியன் முதல்ல தொடுற இடம். நெத்தி மேல்பக்கம், கன்ன எலும்பு, மூக்குத் தண்டு லேசா, தாடை ஓரம். முகம் பூரா அப்புறது இல்லை. பெரிய மெத்து பிரஷ்ல தொட்டு, உதறி, மிச்சம் இருக்கிறதை மட்டும் தடவுங்க. குறைஞ்சா ஏத்திக்கலாம். காதும் கழுத்தும் மறக்காதீங்க. பாண்ட்ஸ் பவுடர் காலத்துல இருந்து நம்மாளு மாட்டிக்கிறதே கழுத்துல தெரியுற அந்த பார்டர்லதான். தாடி இருந்தா க்ரீம் முடியில ஒட்டித் திட்டுத் திட்டா நிற்கும், பவுடர்தான் சரி. எண்ணெய் வழியுற முகத்துக்கும் பவுடர். வறண்ட தோலுக்கு க்ரீம்.

இன்னும் கறுப்பாகுறது இதோட வேலை இல்லை. ஹெல்மெட் பட்டை மறைச்ச இடம், தாடி எடுத்ததும் தெரியுற வெளுத்த கன்னம், சன்ஸ்க்ரீன் போட்டதும் வர்ற விபூதிக் கலர்... இந்தத் திட்டுகளை எல்லாம் ஒண்ணாக்கும். நல்ல கறுப்பா இருக்கிறவங்களுக்குக் கேமரா ஃப்ளாஷ்ல முகம் சாம்பலா விழும், அதுக்கும் இது கைகொடுக்கும். தேவையே இல்லேன்னு தோணுதா? அப்போ வாங்காதீங்க. நாங்க ஒண்ணும் ஏஜென்ட் இல்லை.

'பேசாம வெயில்லயே நின்னு ஓசியில டேன் ஆகிக்கிறேன்' என்கிற அறிவாளிக்கு ஒரு தகவல். புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் தன்னைக் காப்பாத்திக்க விரிக்கிற குடைதான் அந்தக் கறுப்பு. குடை விரிஞ்சிருக்குன்னா மழை பெய்யுதுன்னு அர்த்தம். குற்றாலத்துல சாரல், மேகம், குளுகுளு காத்து... வெயிலே இல்லைன்னு நினைப்பீங்க. மெல்லிய மேகத்தைத் தாண்டி அந்தக் கதிரோட பெரும்பகுதி வந்துடும். ஊர் திரும்பி ரெண்டு மூணு நாள் கழிச்சு மூக்கு கறுக்கும்போதுதான் தெரியும். அதனால சன்ஸ்க்ரீன் முதல்ல, அது காய்ஞ்சப்புறம் ப்ரான்சர். ப்ரான்சர் டப்பாவுல எஸ்.பி.எஃப்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க. நாலு இடத்துல தொட்டுத் தடவுறது முகத்தைக் காப்பாத்தாது.

அருவிக்கு வருவோம். பேரருவித் தண்ணி மேலே பொங்குமாங்கடல் பள்ளத்துல விழுந்து, வேகம் குறைஞ்சு, அப்புறம்தான் நம்ம தலைக்கு வருது. குறைஞ்ச வேகமே முதுகுல தவில் வாசிக்கும். இதுக்குத் தாங்குற ப்ரான்சர் கிடையாது. வாட்டர் ப்ரூஃப்னு எழுதியிருந்தாலும் துண்டால ஒரு இழுப்பு, கதை முடிஞ்சது. அங்கேயே ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிக்கலாம்னா அதுவும் முடியாது. அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதுன்னு 2014-லேயே மதுரை உயர்நீதிமன்றக் கிளை சொல்லியாச்சு. நியாயம்தானே, நீங்க கழுவி விடுறது சிற்றாறு வழியா அடுத்த ஊருக்குப் போற தண்ணி. அதனால குளிக்கப் போற நாள்ல ரூம்லயே முகத்தைச் சுத்தமா கழுவிட்டு வெறும் முகத்தோட போங்க. எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிறவங்களும் முழுசாத் துடைச்சுட்டுப் போங்க. தண்ணி அதிகம்னு போலீஸ்காரர் கயிறு கட்டிட்டா தாண்டாதீங்க, அன்னைக்கு புரோட்டாவோட திருப்திப்பட்டுக்கோங்க.

ப்ரான்சருக்கு உரிய நாள் மறுநாள். சுந்தரபாண்டியபுரம் பக்கம் போங்க. 'அந்நியன்' படத்துக்காக நடிகர்கள் முகத்தைத் தீட்டின பாறைங்க இருக்கு, சீசன்ல சூரியகாந்தியும் இருக்கும். காத்து காயவிடும், வெளிச்சம் சரியா விழும், போட்டோவுக்கு அதைவிட இடம் இல்லை. படுக்கிறதுக்கு முன்னாடி முகம் கழுவ மறக்காதீங்க. கழுவின துண்டு உங்களோடதா இருக்கட்டும், ஃப்ரெண்டோட வெள்ளைத் துண்டு வேணாம்.